பத்துக்கு ஒன்று

ஒலிம்பிக் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பே ஒலிம்பிக்கிலிருந்து வெளியேறிய பெருமை நம் கால்பந்து அணிக்கு உண்டு. 1952-ல் ஹெல்சிங்கியில் தொடக்க விழா ஜூலை 19. யூகோஸ்லாவியாவிடம் நாம் தோற்றது ஜூலை 15. விளக்கேற்றும்போது நம் பதினொரு பேருக்கும் ஆடுவதற்கு ஆட்டம் எதுவும் பாக்கி இல்லை.

ஸ்கோர் 10-1. இதில் அந்தக் கடைசி ஒன்றுதான் நம்முடையது. இடைவேளையில் 5-0. பிராங்கோ செபெட்ஸ் என்பவர் மட்டும் நான்கு கோல் போட்டார். வூகாஸுக்கு இரண்டு, மிட்டிச்சுக்கு இரண்டு, ஓக்னியானோவுக்கு இரண்டு. பந்தியில் யாருக்கும் குறை வைக்காத பரிமாறல். நம் கணக்கைத் திறந்தவர் பெங்களூர் அகமது கான், 89-வது நிமிடத்தில். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசைக்குப் பஞ்சபாண்டவர் என்று பெயர். ஐந்து பேருமே தெற்கத்திக்காரர்கள். அகமது கான் அதில் ஒருவர். பாண்டவர்களில் ஒருவர் கடைசி நிமிடத்தில் ஒரு பாணம் விட்டார். அதற்குள் போர் முடிந்து எதிர்த்தரப்பு பட்டாபிஷேகத்துக்கே தயாராகியிருந்தது.

பிறகுதான் அசல் ஆட்டம் ஆரம்பித்தது. ஏன் தோற்றோம்?

இந்தக் கேள்விக்கு இந்தியா ஒரே குரலில் கண்டுபிடித்த பதில்: குளிர். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பின்லாந்தோ வட துருவத்துக்கு அண்டை வீடு. பாதம் மரத்துப் போயிற்று, பந்து எங்கே கால் எங்கே என்று தெரியவில்லை, ஆகவே பத்து. கேட்பவர் கண் கலங்கிவிடும். இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல ஹெல்சிங்கியின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்ததுதான் விசேஷம். முதலில் சில்லென்று இருந்ததாகச் சொன்னார்கள். அப்புறம் உறைபனி என்றார்கள். இன்னும் ஒரு தலைமுறை போனால் பெங்குவின் ஒன்று கார்னர் கிக் அடித்தது என்று சொல்ல ஆள் கிடைப்பார்.

ஹெல்சிங்கிக்கு ஜூலை மாதம் கோடைக்காலம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சராசரி வெப்பநிலை 17, 18 டிகிரி. அந்த வருஷக் கோடை ஒன்றும் யோக்கியமாக இல்லை என்பதும் உண்மை. தொடக்க விழா அன்றே மழை கொட்டி அத்தனை பேரையும் நனைத்தது. ஆனாலும் 17 டிகிரியைப் பனிப்பாலைவனம் என்று சொல்ல ஒரு தனித் தகுதி வேண்டும். அந்தத் தகுதி தஞ்சாவூர் ஜில்லாவுக்கு இருக்கிறது. மார்கழி விடியலில் எங்கள் பக்கம் 20, 21 டிகிரி வரை இறங்கும். அதற்கே மப்ளர், மங்கி குல்லா, காதில் பஞ்சு. திருவையாறு ஆராதனைக்குக் காவேரிக் கரையில் வந்து உட்காரும் பெரியவர்களைப் பாருங்கள், எவரெஸ்டிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவர்கள் என்று தோன்றும். ஆகவே ஹெல்சிங்கியின் 17 டிகிரியை மனதார, உடம்பார, உள்ளங்காலார உணர்ந்து அனுதாபப்படக்கூடிய ஒரே ஜனங்கள் காவேரிப் படுகையில்தான் இருந்தார்கள். இந்த வழக்கை விசாரிக்கச் சரியான கோர்ட் ஒரு கும்பகோணம் திண்ணைதான்.

அப்படி ஒரு திண்ணையில் விசாரணை நடந்ததற்கு ஆவணம் இல்லை. நடக்காமல் இருந்திருக்காது என்பதற்குக் கும்பகோணத்தின் குணமே சாட்சி. ரயிலில் பேப்பர் வந்து இறங்கிய பிறகு, வெற்றிலைச் செல்லத்தைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் கொரியா யுத்தத்துக்கே தீர்ப்புச் சொன்ன ஊர் அது. ஆகவே திண்ணையை நானே கட்டிக்கொள்கிறேன். ஆட்களையும் நானே உட்கார வைக்கிறேன். ஸ்கோர் மட்டும் என் கையில் இல்லை.

திண்ணைக்குச் சொந்தக்காரர் ஒரு மிராசுதார். பத்து வேலி நிலம். சேறு என்பதை வரப்பிலிருந்து மட்டுமே பார்த்தவர், அதுவும் குடையோடு. பக்கத்தில் வக்கீல் குமாஸ்தா. வக்கீலைவிடச் சட்டம் அதிகம் தெரியும் என்று வக்கீல் இல்லாதபோது சொல்லிக்கொள்பவர். மூன்றாமவர் முனிசிபல் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர், கண்ணுக்குத் தெரியாத பூட்ஸை இன்னும் போட்டுக்கொண்டே நடப்பவர். கீழே தெருக்கோடியில், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த பண்ணையாள் ஒருவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரமாக நிற்கிறார். குறுவை நடவு நடக்கும் சமயம். தண்ணீர் அவசரம்தான். ஆனால் யூகோஸ்லாவியா அதைவிட அவசரம்.

"இது ஆக்ட் ஆஃப் காட் ஓய்" என்று ஆரம்பித்தார் குமாஸ்தா. "குளிருக்கு யார் ஜவாப்தாரி? ஒரு அப்ளிகேஷன் போட்டு வாய்தா வாங்கியிருக்கணும். சித்திரை மாசம் மெட்ராஸ்ல வச்சுக்கலாம்னு சொன்னா அவன் வரமாட்டானா? வந்தா பாதியிலேயே மயக்கம் போட்டு விழுந்திருப்பான்."

மிராசுதார் அவ்வளவு இறங்கிப் போகத் தயாராயில்லை. "தோத்ததா முக்கியம்? நாலு வருஷம் முந்தி லண்டன்ல இதே வெறுங்காலோட பிரெஞ்சுக்காரனை ஆட்டிவச்சானுங்களே, அப்ப எங்கய்யா போச்சு இந்தக் குளிரு?"

இது நல்ல கேள்வி. திண்ணையை அப்படியே நிறுத்திவிட்டு லண்டனுக்கு ஒரு நடை போய் வரலாம்.

1948 ஜூலை 31, லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டு மைதானம். சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு வயசு நிறையவில்லை. பிரான்ஸோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் துணிக்கட்டு, சிலருக்கு அதுவும் இல்லை. பிரான்ஸ் ஒரு கோல் போட்டது; நாம் சமன் செய்தோம். கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. நடுவே நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தன. இரண்டையும் தவறவிட்டோம். வெள்ளைக்காரன் நாட்டில் வெள்ளைக்காரன் கொடுத்ததை வாங்க மாட்டோம் என்ற வைராக்கியம் அப்போது இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

அந்தச் சமன் கோலைப் போட்டவர் பெயர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல். பெயரைக் கேட்டதும் கும்பகோணம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். சாரங்கபாணி கோயில் இருக்கிற ஊரில் ஒருவர் சாரங்கபாணி என்று பெயர் வைத்துக்கொண்டு வெளியூரில் கோல் போட்டால் அது கும்பகோணத்துக் கோல். அவர் மைசூர் பக்கம் ஆடியவராயிற்றே என்று எவராவது இழுத்தால், காவேரி எங்கிருந்து வருகிறது என்று எதிர்க்கேள்வி கேட்டு வாயை அடைத்துவிடலாம்.

தோற்று வந்தவர்களுக்கு லண்டனில் கைதட்டல். அரசர் ஆறாம் ஜார்ஜ், சைலன் மன்னாவின் கால்சட்டையைத் தூக்கி, கால் இரும்பா சதையா என்று பார்த்ததாக ஒரு கதை உண்டு. அரசர் பார்த்தாரோ இல்லையோ, நாம் பார்த்துப் பார்த்துப் பூரித்தோம். பெனால்டி ஒன்றைத் தவறவிட்ட கால் அது என்பதை அந்தப் பூரிப்பில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. 1948-ல் வெறுங்கால் என்றால் வீரம். அதே சைலன் மன்னா 1952-ல் கேப்டன். அதே மாதிரி வெறுங்கால். பத்து கோல் விழுந்ததும் அந்தக் காலுக்குப் பெயர் பரிதாபம் என்று மாறிவிட்டது. பாதம் என்னவோ பழைய பாதம்தான்.

இரண்டுக்கும் நடுவே 1950-ல் பிரேசில் உலகக் கோப்பை. கூப்பிட்டார்கள், நாம் போகவில்லை. வெறுங்காலோடு ஆடக் கூடாது என்று ஃபிஃபா சொன்னதாகவும், மானஸ்தர்களான நாம் மறுத்ததாகவும் பேசிக்கொண்டோம். நம் சங்கத்துக்கு உலகக் கோப்பையின் மகிமை அப்போது தெரியவில்லை, ஒலிம்பிக்தான் பெரிது என்று இருந்துவிட்டது என்பதே நிஜத்துக்குப் பக்கத்தில் வரும் பதில். எப்படியானாலும் உலகக் கோப்பையில் நமக்கு அன்று முதல் இன்று வரை தோல்வியே கிடையாது.

திண்ணைக்குத் திரும்புவோம். டிரில் வாத்தியார் தொண்டையைச் செருமிவிட்டார்.

"ஐயா, குளிரும் இல்லை, கோட்டானும் இல்லை. காய்ஞ்ச தரையிலே வெறுங்கால் நல்லா ஆடும், பந்து விரலோட பேசும். ஈரப் புல்லுல வழுக்கும். அதுக்குத்தான் பூட்ஸுக்கு அடியிலே குமிழ் வச்சிருக்கான். இதைக் கல்கத்தாவிலே முகமதன் ஸ்போர்ட்டிங்காரன் எப்பவோ கண்டுபிடிச்சுட்டான். மழை பெஞ்சா பூட்ஸைப் போடுவான். 1934-லேர்ந்து வரிசையா அஞ்சு வருஷம் லீக் கப்பை எடுத்தான். பதினெட்டு வருஷமா கண்ணெதிரே இருக்கு பதில். நாம என்ன செஞ்சோம்? காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டோம்."

"அப்போ கோச் ரஹீமுக்கு இது தெரியாதா ஓய்?" என்றார் குமாஸ்தா.

"ஹைதராபாத் ரஹீம் சாருக்குத் தெரியாதது இல்லே. போன வருஷம்தானே டெல்லி ஏசியாட்ல ஈரானை ஒண்ணுக்கு சைபர்னு ஜெயிச்சுத் தங்கம் வாங்கிக் குடுத்தார்? ஆனா பொறந்ததுலேர்ந்து வெறுங்காலோட ஆடினவனுக்குக் கப்பல்லேர்ந்து இறங்கினதும் பூட்ஸ் மாட்டிவிட்டா, அவன் பந்தை எங்கே உதைப்பான், பூட்ஸைத்தான் உதைப்பான்."

குமாஸ்தாவுக்குக் குளிரை விட மனசில்லை. அதை விட்டுவிட்டால் வழக்கே இல்லை. "ரெண்டாம் பாதியைப் பாரும்" என்றார். "மொதல் பாதி அஞ்சுக்கு சைபர். ரெண்டாம் பாதி அஞ்சுக்கு ஒண்ணு. அதாவது நம்மவா சூடாயிண்டே வந்திருக்கா. இன்னொரு ரெண்டு நாள் விட்டு ஆட விட்டிருந்தா டிராதான்."

குளிர்க் கட்சிக்கு இதைவிட நல்ல வாதத்தை அதற்கப்புறம் எவரும் எழுதவில்லை. ஆனால் அடுத்த பத்து நாளில் வந்த பேப்பர்கள் அந்தக் கட்சியை ஒவ்வொரு காலாக உடைத்தன. அதே ஹெல்சிங்கியில், ஜூலை 24 அன்று, இந்திய ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 6-1 என்று அடித்தது. பல்பீர் சிங் ஒருவரே ஐந்து. கோல் காத்தவர் மெட்ராஸ் போலீஸ் ரங்கநாதன் பிரான்சிஸ். ஓடியாடுகிறவனுக்காவது உடம்பு சூடேறும், கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிற மெட்ராஸ்காரருக்கு அல்லவா குளிர வேண்டும்? அவர் பாட்டுக்குத் தங்கத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தின நாள் மல்யுத்தத்தில் கே.டி. ஜாதவ் வெண்கலம் வாங்கினார். குளிர் ஆளைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறது.

பூட்ஸ் கட்சிக்கும் அடி விழாமல் இல்லை. நாம் தோற்ற மறுநாள், கால்பந்து ஆட்டத்துக்கே சட்டம் எழுதிய பிரிட்டன், நல்ல தோல் பூட்ஸும் கம்பளிக் காலுறையுமாக இறங்கி, லக்ஸம்பர்க்கிடம் 5-3 என்று தோற்றது. லக்ஸம்பர்க் எங்கே இருக்கிறது என்று தேடத் திண்ணைக்கு உள்ளேயிருந்து பூதக்கண்ணாடி வரவழைக்க வேண்டியிருந்திருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது அந்த நாடு.

இன்னொரு பக்கம் யூகோஸ்லாவியாக்காரர்கள் யார் என்று ஒருவருமே கேட்கவில்லை. நம் வாத விவாதங்களில் எதிராளிக்கு ஒருபோதும் இடம் கிடையாது. ஜெயித்தால் நம் திறமை, தோற்றால் நம் பாதம். நம்மை அடித்துவிட்டு அவர்கள் போய்ச் சோவியத் யூனியனோடு மோதினார்கள். 5-1 என்று முன்னிலை பெற்று, பிறகு கொடுத்துக் கொடுத்து 5-5 ஆக்கி, மறு ஆட்டத்தில் 3-1 என்று ஜெயித்தார்கள். டிட்டோவிடம் தோற்றதில் ஸ்டாலினுக்கு வந்த கோபத்தில் மாஸ்கோவின் ராணுவ அணியே கலைக்கப்பட்டது. அங்கே யாரும் குளிர்மேல் பழி போட்டதாகத் தெரியவில்லை. ருஷ்யர்கள் குளிர் என்று சொன்னால் எடுபடாது. யூகோஸ்லாவியா கடைசியில் புஷ்காஷின் ஹங்கேரியிடம் 2-0 என்று தோற்று வெள்ளி வாங்கியது. அன்றைய உலகில் ஆகச் சிறந்த அணிகளில் ஒன்று அது. பூட்ஸ் போட்டு, ஸ்வெட்டர் போட்டு, அடுப்பை மூட்டிக்கொண்டு ஆடியிருந்தாலும் நமக்கு ஐந்தாறு விழுந்திருக்கும். இதை ஒப்புக்கொள்வதைவிட வானிலை ஆராய்ச்சி சுலபம்.

இவ்வளவு தூரம் மிராசுதார் வெற்றிலையை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"எல்லாம் சரிய்யா. இருந்தாலும் வெறுங்காலுதான் நம்ம பண்பாடு. மண்ணுக்கும் மனுசனுக்கும் நடுவுல மாட்டுத்தோல் எதுக்குங்கறேன்? நம்ம பண்ணையாளுங்களைப் பாரு. காலு எப்படி உரமேறிக் கெடக்கு! சேறு, முள்ளு, கட்டாந்தரை, எதுல விட்டாலும் நடப்பான். அந்தக் காலை ஹெல்சிங்கிக்கு அனுப்பியிருந்தா செபெட்ஸாவது கிபெட்ஸாவது."

தெருக்கோடியில் நின்றவருக்குத் தன் கால் பேச்சில் அடிபடுவது கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும், தூரத்தில் நிறுத்திவைத்துவிட்டு உரக்கப் பேசினால்.

"ஒரு சந்தேகம் ஆண்டே" என்றார்.

"என்னடா?"

"அந்த ஊருல செருப்புப் போட்டுக்கிட்டு நடந்தா அடிப்பாங்களா?"

குமாஸ்தாவுக்குத் திடீரென்று சுண்ணாம்பு தேவைப்பட்டது. டிரில் வாத்தியார் வாசலைப் பார்த்துச் சிரிப்பை மீசைக்குள் விட்டுக்கொண்டார். தஞ்சாவூர் ஜில்லாவில் அன்றைக்குச் சில தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் சிலர் நடக்க முடியும் என்பது திண்ணையில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெரு எது என்பதும் தெரியும். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த வயல்கள் அவை. பி. சீனிவாச ராவும் விவசாயச் சங்கமும் 1940-களில் வந்து கிராமம் கிராமமாகக் கொடி நட்டபிறகுதான் அந்தச் சவுக்குகள் பரணுக்கு ஏறின. செருப்புப் போட விடாதவர் வெறுங்காலைப் புகழ்வதில் ஒரு சௌகரியம் உண்டு. புகழ்ச்சிக்குச் செலவில்லை, செருப்புக்கு உண்டு.

மிராசுதாருக்குப் பதில் தேட அவகாசம் கிடைக்கவில்லை. ஹெல்சிங்கி முடிந்து மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, ராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் போட்டது. குத்தகைக்கு உழுகிறவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது கொடுக்க வேண்டும். பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது. அறுபதுக்கு நாற்பது. பத்துக்கு ஒன்றை ஐந்து வாரம் தத்துவார்த்தமாக ஜீரணித்த திண்ணை, இந்த ஸ்கோரைக் கேட்டு அலறியது. கம்யூனிஸ்டுகளை எதிரி நம்பர் ஒன் என்று சொன்ன ராஜாஜியா நம்மை ஃபவுல் பண்ணினார் என்று நம்பவே முடியவில்லை. எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்த கோல். குமாஸ்தா இதற்கும் வாய்தா வாங்கலாம் என்று யோசனை சொன்னார்.

நவம்பர் 30-ல் நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையேறியது. நிஜமான வானிலை என்றால் என்ன என்று டெல்டாவுக்குக் காட்டிவிட்டுப் போனது. நூற்றுக்கணக்கில் மனிதர்கள் போனார்கள், பயிர் போயிற்று, மரங்கள் படுத்தன. ஹெல்சிங்கியின் 17 டிகிரியைப் பற்றி அதன்பின் கொஞ்ச காலம் எந்தத் திண்ணையிலும் பேச்சு இல்லை. பல இடங்களில் திண்ணையே இல்லை.

கால்பந்துச் சங்கம் தன் பங்குக்கு ஒரு முடிவெடுத்தது. இனிமேல் பூட்ஸ் கட்டாயம். கல்கத்தாவில் கொஞ்சம் முனகல், கொஞ்சம் காலில் கொப்புளம், அவ்வளவுதான். பண்பாடு ஒன்றும் அழிந்துவிடவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அதே ரஹீமின் அணி பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கியது. ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று அடித்தது. நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நாம்தான்.

அரையிறுதியில் எதிரே வந்து நின்றது யூகோஸ்லாவியா.

டிசூசா முதலில் கோல் போட்டார். 1-0. உலகம் கொஞ்ச நேரம் தலைகீழாக நின்றது. பிறகு நேராகி, 4-1 என்று முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0, நான்காவது இடம்.

அரையிறுதிச் செய்தியோடு பேப்பர் வந்தது. திண்ணை கூடியது. டிரில் வாத்தியார் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்: வெறுங்காலுக்கு ஒன்பது கோல் வித்தியாசம், பூட்ஸுக்கு மூன்று. ஆகவே ஒரு ஜோடி பூட்ஸ் என்பது ஆறு கோலுக்குச் சமம். இன்னும் ஒரு அரை ஜோடி போட்டிருந்தால் சரிசமம். பண்ணையாள் இந்தத் தடவை தெருக்கோடியில் இல்லை. சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். செருப்போடுதான் போனார் என்று பின்னால் தகவல் வந்தது. மிராசுதார் ஒன்றும் சொல்லவில்லை.

குமாஸ்தா மட்டும் பேப்பரை மூக்கருகே பிடித்துக்கொண்டு தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். டிசம்பர் 5.

"மெல்போர்ன்ல இப்போ என்ன காலம் ஓய்?"

"பூமிக்கு அந்தப் பக்கம். நமக்கு மார்கழி வந்தா அவனுக்குக் கோடை."

குமாஸ்தா பேப்பரை மடித்து வைத்தார்.

"அதானே பார்த்தேன்" என்றார். "வெயில் தாங்கலை நம்மவாளுக்கு."